கற்பிட்டி வீட்டில் ஒரு ஸ்பானியக் கொப்பி



தலையணையைக் கேட்டவருக்கு அலுமாரியைத் திறந்து காட்டிய கதையை முதலில் சொல்லி விடுகிறேன்.

புத்தளம் கடற்கரையில் உள்ளவர்களுக்குத் தெரியும். கச்சான் காற்று வீசத் தொடங்கினால் கற்பிட்டிப் பக்கம் வெள்ளைக்காரர் வந்து குவிவார்கள். பெரிய பட்டம் ஒன்றை இடுப்பில் கட்டிக்கொண்டு, காலடியில் ஒரு பலகையோடு களப்பின் மேல் பறக்கும் விளையாட்டுக்காக வருகிறவர்கள் அவர்கள். என்னிடம் முன்பு ஓதிய ஒரு சகோதரி, தன் வீட்டின் பின்பக்க அறைகள் இரண்டை இவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார். சமையலும் அவரேதான். ஒருமுறை ஸ்பெயின் நாட்டுக் கணவன் மனைவி இருவர் வந்து தங்கினார்கள். அவர்களுக்கு ஆங்கிலம் கொஞ்சம். இவருக்கு அதைவிடக் கொஞ்சம்.

முதல் நாள் இரவே அந்தப் பெண் கதவடியில் வந்து நின்று "அல்மோஆதா, அல்மோஆதா" என்றாராம். இவர் அலுமாரியைத்தான் கேட்கிறார் என்று எண்ணி, அறைக்குள் போய் அலுமாரியை அகலத் திறந்து விட்டிருக்கிறார். மேல் தட்டிலே இரண்டு தலையணைகள் இருந்தன. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ஒன்றை எடுத்து நெஞ்சோடு அணைத்து, மீண்டும் "அல்மோஆதா" என்றாராம். இருவரும் சேர்ந்து சிரித்திருக்கிறார்கள். மறுநாளே 40 பக்கக் கொப்பி ஒன்று வாங்கி, வீட்டில் உள்ள ஒவ்வொரு பொருளையும் தொட்டுக் காட்டி, அவர் சொன்னதைத் தமிழெழுத்தில் எழுதி வைத்துவிட்டார் நம் சகோதரி. இருவரும் ஊர் திரும்பிய பின் அந்தக் கொப்பி என்னிடம் வந்தது.

"மௌலவி, இந்தச் சொல்லுகள் மண்டையில நிக்குதில்ல. நீங்க பாஷை படிச்ச ஆள். இதை எப்படிப் பாடமாக்குற?"

எனக்கு ஸ்பானிய மொழி தெரியாது. அதை அவரிடம் சொன்னேன். ஆனால் கொப்பியைப் புரட்டப் புரட்ட, இவற்றில் பாதியை எங்கோ கேட்டிருக்கிறோமே என்ற எண்ணம் விடவில்லை. பிறகு அகராதிகளோடு உட்கார்ந்து பார்த்ததைத்தான் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

அந்தத் தலையணையையே எடுத்துக்கொள்வோம். கன்னத்துக்கு அரபியில் 'கத்து' என்பார்கள். கன்னத்தை வைக்கும் பொருள் 'மிகத்தா'. அதன் முன்னால் 'அல்' சேர்ந்து, ஸ்பெயின் நாட்டு வாயில் புகுந்து 'அல்மோஆதா' ஆகிவிட்டது. நாம் தலைக்கு அணை என்றோம். அரபிகள் கன்னத்துக்கு உரியது என்றார்கள். கி.பி. 711இல் தாரிக் இப்னு ஸியாத் கடலைக் கடந்து இறங்கியதிலிருந்து 1492இல் கிரனாடா வீழும்வரை, ஸ்பெயினில் ஏறத்தாழ 800 ஆண்டுகள் அரபு புழங்கியது. ஸ்பானிய மொழியில் அரபு வழி வந்த சொற்கள் கிளைச்சொற்களோடு சேர்த்துச் சுமார் 4000 என்று சொல்லப்படுவதுண்டு. அவற்றில் பெரும் பங்கு போர்க்களத்தில் கிடைத்தவையல்ல, வீட்டிலும் தோட்டத்திலும் கிணற்றடியிலும் கிடைத்தவை.

மொட்டை மாடிக்கு அவர்கள் சொல்வது 'அஸொத்தேயா'. மாடித்தளம் அரபியில் 'ஸத்ஹு'. சின்ன மாடி 'ஸுதைஹா'. 'அல்' சேர்ந்தால் 'அஸ்ஸுதைஹா'. வீடு கட்டும் மேசன் 'அல்பாஞில்'. இது நம் 'பன்னா' என்ற சொல்லே. பச்சை மண்கல் 'அதோபே', அதாவது 'அத்தூப்'. சுவரிலே பதித்த தட்டு அலுமாரி 'அலஸேனா', அது 'அல்கிஸானா'. படுக்கை அறை 'அல்கோபா', அது 'அல்குப்பா'. குப்பா என்றால் கவிகை மாடம் அல்லவா? கட்டிலை ஒதுக்கி வைத்த மாடக்குழிக்கு முதலில் அந்தப் பெயர் வந்து, பிறகு அறைக்கே நின்றுவிட்டது. சுவரில் ஒட்டும் பளபளப்பான ஓட்டுக்கல் 'அஸுலேஹோ'. ஸ்பானிய மொழியில் நீலத்துக்கு 'அஸுல்' என்பதால், நீலக்கல் என்பதே பொருள் என்று அந்த நாட்டவரே பலர் எண்ணுவதுண்டு. அப்படியல்ல. அது 'அஸ்ஸுலைஜ்' என்ற அரபுச் சொல். மொரோக்கோவில் இன்றும் அந்தக் கல்லுக்கு அதே பெயர்தான்.

சகோதரிகளே, மத்ரஸாவில் ஷம்ஸிய்யா எழுத்து, கமரிய்யா எழுத்து என்று படித்தது நினைவிருக்கிறதா? 'அல்கமர்' என்னும்போது லாம் ஒலிக்கும். 'அஷ்ஷம்ஸ்' என்னும்போது லாம் மறைந்து அடுத்த எழுத்து அழுந்தும். அல்மோஆதா, அல்கோபா, அல்ஹீபே ஆகியவற்றில் லாம் ஒலிக்கிறது. அஸொத்தேயா, அதோபே, அஸுலேஹோ ஆகியவற்றில் மறைந்துவிட்டது. அரபு படிக்காத ஸ்பானியக் குடியானவர் காதால் கேட்டதை அப்படியே பிடித்துக்கொண்டார். தஜ்வீத் சட்டமும் சேர்ந்தே வந்துவிட்டது! நம் சகோதரிக்கு இதைச் சொன்னதும் கொப்பியில் அல் என்று தொடங்கும் சொற்களுக்கு ஒரு நிலாவும், மற்றவற்றுக்கு ஒரு சூரியனும் வரைந்துகொண்டார். பாடமாக்க அது நல்ல வழியாகத்தான் பட்டது.

இன்னும் ஒன்று. 'அல்ஹீபே' என்றால் மழைநீர் சேமிக்கும் நிலத்தடித் தொட்டி. அது 'அல்ஜுப்பு'. எந்த ஜுப்பு? ஸூரா யூஸுஃபில் சகோதரர்கள் சேர்ந்து நபி யூஸுஃப் (அலை) அவர்களைப் போட்டார்களே, அந்தப் பாழ்கிணற்றுக்குக் குர்ஆன் சொல்லும் சொல்தான். கொப்பியில் அந்த வரியை நான் காட்டியபோது சகோதரி சற்று நேரம் பேசவில்லை. சிறு வயதில் மனனம் செய்த ஸூரா அது.

உச்சரிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆங்கிலம் படித்தவர்கள் ஸ்பானிய மொழியில் தடுமாறும் இடங்கள் சில உண்டு. நமக்கு அவை தடையே அல்ல. 'அஸுலேஹோ'வில் நான் 'ஹோ' என்று எழுதியது, ஜீம், ஹா, கா என்ற வரிசையில் மூன்றாவதாக, தொண்டையை உரசி வரும் அந்தக் 'கா'வுக்குப் பக்கத்து ஒலி. ஸ்பெயினின் பெரும் பகுதியில் தேநீர்க் கிண்ணத்தை 'தாஸா' என்னும்போது வரும் ஸ, நாக்கு நுனியைப் பல்லில் வைத்துச் சொல்லும் நம் 'ஸா' (பா, தா, ஸா வரிசையில் உள்ளது). அந்தத் தாஸாவும் அரபு 'தாஸா'தான்; குடம் போன்ற 'ஹர்ரா'வும் அரபு 'ஜர்ரா'தான். குளியலறைக்கு 'பாஞோ'. வெள்ளைக்காரர் இந்த ஞகரத்துக்காக எழுத்தின் மேல் ஒரு வளைகோடு போட்டு அவதிப்படுகிறார்கள். நமக்கு ஞானத்திலும் ஞாயிறிலும் அது கிடக்கிறது.

மௌலவிமார் இடையே நெடுநாளாக ஓயாத ஒரு வழக்கு உண்டு. 'ரமழான்' என்பதா, 'ரமதான்' என்பதா? 'வுழூ'வா, 'வுது'வா? அந்த எழுத்தை, நாவின் ஓரத்தைக் கடைவாய்ப் பற்களில் பதித்துச் சொல்ல வேண்டும் என்பது பழைய இலக்கண அறிஞர் ஸீபவைஹி காலத்திலிருந்தே எழுதப்பட்ட விதி. அப்படிச் சொன்னால் லகரச் சாயல் அடிக்கும். நம் முன்னோர் காதில் அது ழகரமாக விழுந்தது. ஹவுழ், காழி என்றெல்லாம் எழுதினார்கள். ஸ்பானிய மொழியில் ஊர்த் தலைவருக்குப் பெயர் 'அல்கால்தே'. அது 'அல்காழி' என்பதிலிருந்து வந்தது. தகரத்துக்கு முன்னால் அந்த ஒரு லகரம் எங்கிருந்து நுழைந்தது? அங்குள்ளவர் காதிலும் அதே சாயல் விழுந்திருக்கிறது. காயல்பட்டினத்தாரும் கொர்தோவாக்காரரும் ஒருவரை ஒருவர் கேட்டு எழுதியவர்களல்ல. (இதனால் வழக்குத் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை.)

ஆனால் 'அல்' என்று தொடங்குவதெல்லாம் அரபு என்று எண்ணி ஏமாறவும் கூடாது. கதையின் அலுமாரியே சாட்சி. அது போர்த்துக்கேயர் கொண்டுவந்த சொல், லத்தீன் மூலத்தது. ஸ்பானியர் அதை 'அர்மாரியோ' என்கிறார்கள். தலையணைதான் அரபு, அலுமாரி லத்தீன். கேட்பதற்கு இரண்டும் அக்காள் தங்கை. அதுபோல் தரைவிரிப்புக்கான 'அல்ஃபொம்ப்ரா' பற்றியும் அறிஞர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. 'குமுரா' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்றார்கள் ஒரு சாரார். வேறு சொல் என்றார்கள் மறு சாரார். நபி (ஸல்) அவர்கள் குமுரா எனும் சிறு ஓலைப்பாயில் தொழுததாக அன்னை மைமூனா (ரழி) அறிவிக்கும் செய்தி புகாரியில் உண்டு. ஆகவே முதல் கருத்து சரியாக இருக்க வேண்டும் என்று என் மனம் விரும்புகிறது. மனம் விரும்புவது ஆதாரமாகாது.

போர்த்துக்கேயரைச் சொன்னேன். அவர்கள் இலங்கையில் இறங்கியது 1505இல், கிரனாடா வீழ்ந்து 13 ஆண்டுகளுக்குள். 1658 வரை இருந்தார்கள். ஸ்பானிய மொழியும் போர்த்துக்கேய மொழியும் உடன்பிறந்தவை. அதனால் நம் சகோதரியின் கொப்பியில் மற்றப் பாதியும் ஏற்கெனவே அவர் வீட்டில் இருந்தது! நம் குசினி அவர்களிடம் 'கொஸீனா'. மேசை 'மேஸா'. வாங்கு 'பாங்கோ'. காலையில் வாங்கும் பாண் 'பான்'. வாசலில் கழற்றும் சப்பாத்து 'ஸபாத்தோ'. விறாந்தையைச் சொன்னால் 'பாராந்தா' என்ற சொல் அவர்களுக்கு நினைவு வரும். ஆனால் அவர்கள் நாட்டில் அது கைப்பிடிக் கம்பியைக் குறிக்கும்.

கதிரையில் மட்டும் கவனம் வேண்டும். அது போர்த்துக்கேயச் சொல். ஸ்பானியரிடம் கதிரைக்குப் பெயர் 'ஸீயா'. 'காதேரா' என்று ஒரு சொல் அவர்களிடமும் இருக்கிறது, ஆனால் அதற்கு இடுப்பு என்று பொருள். விருந்தாளியை 'உட்காருங்கள்' என்று சொல்லப்போய் அவர் இடுப்பைக் காட்டிவிடாதீர்கள் என்றேன். வெட்கத்தால் முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டார்.

சிங்களத்தில் ஊசிப்பின்னுக்கு 'அல்பெனெத்தி' என்கிறார்கள். புத்தளம் சந்தையில் நீங்களே கேட்டு வாங்கியிருப்பீர்கள். அது போர்த்துக்கேய 'அல்ஃபினெத்தே'. அதுவோ அரபு 'அல்கிலால்'. அரபு நாட்டுக் கடைத்தெருவிலிருந்து போர்த்துக்கல் போய், அங்கிருந்து கப்பலேறி, நம் பிள்ளைகளின் முக்காட்டில் வந்து குத்தி நிற்கிறது. புத்தளத்தை அடுத்த சிரம்பியடியில் ஆபிரிக்க வழிவந்த சகோதர சமூகம் ஒன்று வாழ்வதை அறிவீர்கள். அவர்களின் மஞ்சா பாடல்கள் போர்த்துக்கேயக் கலப்பு மொழியில் உள்ளவை. அந்த மொழி நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல.

யன்னல் மட்டும் பொருந்தவில்லை. அது போர்த்துக்கேய 'ஜனேலா'. ஸ்பானியரோ 'வெந்தானா' என்கிறார்கள். காற்றுக்கு 'வியெந்தோ', காற்று வரும் இடம் வெந்தானா. பழந்தமிழில் யன்னலுக்குக் 'காலதர்' என்று ஒரு பெயர் உண்டு. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. கற்பிட்டிக் காற்றில் யன்னல் அடித்துக்கொள்ளாத நாளில்லை, ஆகவே இந்தச் சொல் தனக்கு ஒருபோதும் மறக்காது என்றார் சகோதரி.

புத்தளத்துக்கும் அந்தலூஸுக்கும் இடையே இன்னொரு தொடர்பும் உண்டு. இப்னு பதூதா 1344இல் நம் கரையில் இறங்கினார். 'பத்தாலா' என்று அவர் எழுதியது புத்தளத்தையே. அழகிய சிறு பட்டணம், மரத்தாலான மதில், மரத்தாலான கோபுரங்கள், கடற்கரையில் குவிந்து கிடந்த கறுவா மரங்கள் என்றெல்லாம் குறித்திருக்கிறார். ஆரியச் சக்கரவர்த்தி அவரை உபசரித்தார். அதே மனிதர் 1350 அளவில் கிரனாடாவுக்கும் போனார். அங்கே சந்தித்த இப்னு ஜுஸைய் என்ற இளைஞர்தான் பின்னர் மொரோக்கோவில் அவர் சொல்லச் சொல்ல எழுதிப் பயண நூலை 1355இல் முடித்தவர். புத்தளத்து மர மதிலைப் பற்றி முதலில் எழுத்தில் வடித்த கை ஒரு கிரனாடாக்காரருடையது!

இனி, சொல்லக் கஷ்டமான பகுதிக்கு வருகிறேன். 1492இல் கிரனாடா ஒப்படைக்கப்பட்டபோது முஸ்லிம்களின் மார்க்கமும் வழக்கங்களும் காக்கப்படும் என்று உடன்படிக்கை எழுதினார்கள். 10 ஆண்டுகூட அது நிற்கவில்லை. கட்டாய ஞானஸ்நானம் வந்தது. 1567இல் இரண்டாம் பிலிப் மன்னர் ஆணை பிறப்பித்தார். அரபு பேசக்கூடாது, எழுதக்கூடாது. 3 ஆண்டுக்குள் எல்லோரும் ஸ்பானிய மொழி கற்க வேண்டும். குளிப்பு மண்டபங்கள் கூடாது. வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக் கதவைத் திறந்தே வைக்க வேண்டும். உள்ளே யாரும் தொழுகிறார்களா என்று பார்க்கத்தான். பிரான்சிஸ்கோ நூஞெஸ் முலேய் என்ற முதியவர் ஒருவர் இதை எதிர்த்து அதிகாரிகளுக்கு நீண்ட மனு எழுதினார். பிறந்ததிலிருந்து அரபு மட்டுமே பேசிய கிழவர்களும் கிழவிகளும் 3 ஆண்டில் வேற்று மொழி கற்பது எப்படி என்பது அவர் கேட்டவற்றில் ஒன்று. கேட்பாரில்லை. 1609 முதல் 1614 வரை ஏறத்தாழ 3 இலட்சம் பேர் கப்பலேற்றி அனுப்பப்பட்டார்கள். தூனிஸிலும் மொரோக்கோவிலும் சில குடும்பங்கள் தங்கள் அந்தலூஸ் வீட்டுத் திறப்பைத் தலைமுறை தலைமுறையாகச் சுவரில் மாட்டி வைத்திருந்ததாகச் சொல்வார்கள்.

அரபு பேசிய பெண்கள் போய்விட்டார்கள். அவர்கள் தலை சாய்த்த அல்மோஆதா மட்டும், அவர்களை வெளியேற்றியவர்களின் வாயிலேயே தங்கிவிட்டது.

இதை நான் சகோதரியின் வீட்டு விறாந்தையில் வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவருடைய உம்மாவும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நான் கவனிக்கவில்லை. யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் வாழ்ந்தவர் அவர். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, 2 மணி நேர அவகாசத்தில் ஊரைவிட்டு வெளியேறியவர்களில் ஒருவர். வடக்கிலிருந்து அந்த ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர். பெரும்பாலோர் வந்து சேர்ந்தது நம் புத்தளம் மாவட்டத்துக்குத்தான். ஓலைக் கொட்டிலில் அவர்களோடு அன்று பாயும் சோறும் பகிர்ந்த குடும்பங்கள் இதை வாசிப்பவர்களிலும் இருப்பீர்கள்.

"திறப்புக்கு என்ன சொல்ற அவங்க?" என்று கேட்டார் உம்மா.

"யாவே" என்றேன். நம் பக்கத்தில் திறப்பு என்கிறோம். இந்தியாவில் சாவி என்பார்கள், அது போர்த்துக்கேய 'சாவே'. யாவேயும் சாவேயும் ஒரே லத்தீன் வேர்.

உம்மா உள்ளே போனார். திறப்புக் கொத்தோடு வருவார் என்று நான் எதிர்பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், ஒரு கதையின் முடிவு போல அதை எதிர்பார்த்தேன். அவர் ஒரு கிளாஸ் தேத்தண்ணியோடு வந்தார்.

"எங்கட திறப்பை நான் அண்டைக்கே பக்கத்து வீட்டுல குடுத்துட்டு வந்தன், மௌலவி. ரெண்டு நாளையில வந்துடுவம் எண்டுதானே நினைச்ச. யுத்தம் முடிஞ்ச பிறகு போய்ப் பார்த்தம். திறக்கக் கதவில்ல. நிலையையும் கழட்டிக் கொண்டு போயிட்டாங்க."

கூரையும் இல்லை, யன்னலும் இல்லை, கிணறு மட்டும் இருந்தது என்றார். மீள்குடியேற்றப் படிவத்தில் கதவு எத்தனை, யன்னல் எத்தனை, என்ன மரம் என்றெல்லாம் கேட்டிருந்ததாம். மகளுக்கு அந்த வீடு ஞாபகமில்லை, வெளியேறும்போது கைக்குழந்தை. உம்மாதான் கண்ணை மூடிக்கொண்டு அறை அறையாக நடந்து சொல்ல, மகள் எழுதியிருக்கிறார்.

சகோதரி ஸ்பானியக் கொப்பியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பென்சிலை எடுத்தார். "உம்மா, இன்னொருக்காச் சொல்லுங்க. இந்தச் சொல்லுகளையும் பக்கத்தில எழுதினா எனக்குப் பாடமாகும்."

உம்மா வாசலிலிருந்து தொடங்கினார். கதவு, புவெர்த்தா. முன் விறாந்தையில் ஒரு வாங்கு, பாங்கோ. வாப்பாவின் சாய்மனைக் கதிரை, ஸீயா. இடது பக்க அறை, யன்னல் இரண்டு, வெந்தானா. சுவரில் பதித்த தட்டு அலுமாரி, அலஸேனா. குர்ஆனும் மௌலிது கிதாபும் வைக்கிற இடம். குசினி, கொஸீனா. பின்னால் கிணற்றடி. கிணற்றுக்கு அவர்கள் 'பொஸோ' என்பார்கள் என்று நான் சொன்னேன். அல்ஹீபே என்றே எழுதட்டுமா என்று சகோதரி கேட்டார். அது தொட்டி, கிணறு வேறு என்று விளக்கினேன். சரி என்று அழித்து எழுதினார்.

வுழூ செய்யும் கல் ஒன்று இருந்ததாம், பலாமரத்தடியில், உட்காரக் குழிந்த கல். அதற்குச் சொல் என்ன என்று இருவரும் என்னைப் பார்த்தார்கள். அகராதியில் தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அந்த வரிக்கு எதிரே கொஞ்சம் இடம் விட்டு, சகோதரி அடுத்த அறைக்குப் போனார்.